எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல்

வங்கிக் கடன், பத்திரப்பதிவு, ஜூனில் கிரகப்பிரவேசம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. வினை அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையோடு வந்தது.

எங்களுடையது கூடுவாஞ்சேரிப் பக்கம், தரையும் ஒரு மாடியும் கொண்ட தனி வீடு. படிக்கட்டு திரும்பும் இடத்துக்கு மேலே, சுமார் 14 அடி உயரத்தில் ஒரு யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல். முதல் பெருமழையன்று அதன் அடியிலிருந்து தண்ணீர் சுவரில் கோடு கோடாக இறங்கியது. இரண்டே வாரத்தில் பட்டி உப்பி, பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிந்தது.

சாவி வாங்கிய நாளில் நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. டைல்ஸை ஒவ்வொன்றாக நாணயத்தால் தட்டினேன். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி வாட்டம் பார்த்தேன்; மூலையில் தேங்கியது, உடைத்து மறுபடி போடவைத்தேன். அந்த ஜன்னலை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. எட்டினால்தானே! 'குறை எதுவும் இல்லை' என்ற தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சைட் இன்ஜினியருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "மழைச் சாரல்தான் சார், ஜன்னல் சரியா மூடியிருக்கான்னு பாருங்க" என்றார். எப்படிப் பார்ப்பது? படிக்கட்டில் ஏணி நிற்காது. சாரம்தான் கட்ட வேண்டும். அது பராமரிப்பு வேலை, செலவு உங்களுடையது என்று பதில் வந்தது.

ஒரு நாள் லீவு போட்டு, மின்சார ரயிலைப் பிடித்து பில்டரின் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, சாவி ஒப்படைத்த கடிதத்தின் நகல் எங்கே என்று கேட்டார்கள். அசலை வாங்கி வைத்துக்கொண்டதே அவர்கள்தான்! தேட ஒரு வாரம் ஆகுமாம். வெறுங்கையோடு திரும்பினேன். கையெழுத்துப் போடும் முன் என் மனைவி அந்தத் தாளைப் போனில் படம் எடுத்திருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தேதி பளிச்சென்று இருந்தது.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். "தம்பி, போன்ல சண்டை போடாதீங்க, எழுத்துல போடுங்க" என்றார். 2016ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கூடுதல் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தவறினால் நஷ்டஈடு கேட்கலாம். நான் போட்ட கையெழுத்தைக் காட்டி இதைத் தட்டிக்கழிக்க முடியாது என்றார் பெரியவர். பிரிவைக் குறிப்பிட்டு, படங்களை இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அதே இன்ஜினியர்: "சார், நாளைக்கு ஆள் அனுப்பறோம்."

சவுக்குக் கம்பில் சாரம் கட்டி ஏறிய கொத்தனார் மேலேயே சிரித்துவிட்டார். ஜன்னல் கதவு நகரும் டிராக்கில் விழும் மழைநீர் வெளியேற வெளிப்பக்கம் சிறு ஓட்டைகள் இருக்கும். அத்தனையையும் சிமென்டால் பூசி அடைத்திருந்தார்கள். போதாததற்கு அடிக்கட்டையின் வாட்டமும் வீட்டுக்குள் பார்த்து. ஓட்டைகளைத் திறக்க ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து நிமிடமும் போதுமாக இருந்தது. வாட்டத்தை வெளிப்பக்கம் திருப்பி, ஓரங்களில் சிலிக்கான் வைக்க அரை நாள்.

மறுநாளே பட்டி பார்க்க வந்தார்கள், நான் விடவில்லை. ஈரச் சுவரில் பட்டி வைத்தால் மறுபடி உப்பும். சுவர் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, பிறகுதான் பெயிண்ட்.

சாவி வாங்கப் போகிறவர்கள், சாரத்தைப் பிரிக்கும் முன்பே போய் உயர ஜன்னல்களைத் திறந்து மூடச் சொல்லுங்கள். டிராக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது வெளியே போகிறதா என்று நின்று பாருங்கள்.

இப்போது சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் ஜன்னல் சட்டத்தின் வெளிப்பக்கம் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறது. சாரம் நின்றபோது உரிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். காற்றடித்தால் இரவெல்லாம் படபடக்கிறது.