சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தொலைவும் நேரமும்

மகள் நியூயார்க்கில் குடியேறிய பிறகு, சிங்கப்பூரிலிருந்து அங்கே போய்வருவது எனக்கு ஆண்டுக்கொரு வழக்கமாகிவிட்டது. எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களுக்கு ஒற்றை எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது. விமானம் உண்மையில் பறக்கும் தூரமும் நேரமும் அன்றன்றைய காற்றைப் பொறுத்தவை.

தூரத்தை நாமே கணக்கிட்டுவிடலாம். சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டியும், ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையை ஒட்டியும் இருப்பதால், இரண்டும் உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருக்கின்றன. ஆகவே மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே செல்லும். சாங்கியிலிருந்து துருவம்வரை 88.6 பாகை, அங்கிருந்து கென்னடிவரை 49.4 பாகை, மொத்தம் 138 பாகை, பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் ஏறத்தாழ 15,345 கிலோமீட்டர் கிடைக்கிறது. சீனா, மங்கோலியா, சைபீரியாவின் இர்குட்ஸ்க் பகுதி, துருவம், கனடாவின் கியூபெக் என்று அந்தக் கோடு நீள்கிறது.

ஆனால் நான் பயணம் செய்த விமானங்கள் அந்த வழியே செல்லவில்லை. கிழக்கே திரும்பிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தே சென்றன. ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று சில நேரங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதால், 16,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க நேர்ந்தாலும் அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. இதில் எனக்குப் பெருவியப்பு தருவது திரும்பும் பயணம்தான். சில நாள்களில் விமானம் நியூயார்க்கிலிருந்தும் கிழக்கு நோக்கியே கிளம்பி, அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து சிங்கப்பூரை அடைகிறது. அப்படி அமைந்துவிட்டால், போய்வருவதற்குள் நாம் உலகத்தையே ஒரு முறை சுற்றி முடித்திருப்போம்.

எப்படிப் போனாலும் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம் ஆகிறது. இவ்வளவு நேரம் இடைநில்லாமல் பறப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதில் 161 இருக்கைகள் மட்டுமே உள்ளன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியது; 2020 நவம்பரில் கென்னடிக்கும் தொடங்கியது.

கோடைக்காலத்தில் இரு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வேறுபாடு என்பதால், கைக்கடிகாரத்தில் முள்ளைத் திருப்ப வேண்டியதே இல்லை. நண்பகலில் சாங்கியிலிருந்து கிளம்பினால் அதே தேதியின் மாலை ஆறரை மணிக்கு மகள் வாசலில் காத்திருப்பாள். திரும்பும்போதோ, இரவு பத்தரைக்கு விமானம் ஏறினால் சாங்கியில் இறங்குவது மூன்றாம் நாள் விடியற்காலையில்.