‘தத்துக்குத் தயார்’ என்று எழுதுவதற்கு முன்னால்

கைவிடப்பட்ட நாயையோ பூனையையோ மீட்டு நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறேன் என்று சொன்னால், எப்படிப் பிடித்தீர்கள், கடிக்கவில்லையா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பொறுமையும் கெட்டியான துண்டும் இருந்தால் பெரும்பாலும் முடிகிற காரியம் அது. அதற்கப்புறம் வரும் வாரங்களும், ‘இவர்களிடம் கொடுக்கலாமா, வேண்டாமா’ என்கிற யோசனையும்தான் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். செம்பியின் கதையை முழுக்கச் சொன்னால் நான் சொல்வது புரியும்.

செம்பி தெருநாய் இல்லை. வீடும் ஆளும் இருந்த நாய். அந்த வீட்டின் பின்பக்கம், சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கட்டிப் போட்டிருந்தார்கள். சங்கிலி எட்டும் தூரம்வரை நடந்து நடந்து தரையில் அரைவட்டமாகத் தடம் விழுந்திருந்தது. கழுத்தில் பட்டையைக் காணோம். சங்கிலி மட்டும் ரோமத்துக்குள் போய் மறைந்தது. குட்டியாக இருந்தபோது மாட்டிய பட்டையை யாரும் தளர்த்தவே இல்லை. கிட்டே போனதும் அடித்த வாடையை வைத்துத்தான் பட்டை சதைக்குள் இறங்கியிருப்பது தெரிந்தது.

இப்படிப் பார்த்ததும் ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துக்கொண்டு போய்விடலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். எவ்வளவு மோசமாக வைத்திருந்தாலும் அது அவர்களுடைய நாய். அவிழ்த்துக்கொண்டு போனால் நீங்கள்தான் திருடர். நாய் தேறி மினுமினுவென்று ஆன பிறகு ‘என் நாயைக் கொடு’ என்று வந்து நின்றால் பதில் சொல்ல முடியாது. கண்முன்னே கொடுமை நடக்கிறது, பேசியும் பயனில்லை என்றால் படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டு போலீஸுக்கோ விலங்கு நல அமைப்புக்கோ போகலாம். ஆனால் அது இழுத்தடிக்கும் வழி. பேசிப் பார்ப்பதை முதலில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. “நாய்க்குக் கழுத்துல புண்ணு மாதிரி இருக்குங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய நாய். பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டார்கள். இவருக்கு முதுகுவலி, குனிய முடியாது. கொஞ்ச நேரம் பேசியதும், “நீங்களே வச்சுக்கங்க, என்னால முடியல” என்றார். உடனே ஒரு தாளில் நாயின் நிறம், அடையாளம், தேதி, ‘இனிமேல் உரிமை கேட்க மாட்டேன்’ என்கிற ஒரு வரி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். உள்ளே எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அதைக் காட்டியிருந்தால் அந்தக் கையெழுத்து கிடைத்திருக்காது.

கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, கழுத்து ரோமத்தை மழித்து, பட்டையை நறுக்கி எடுத்தார். கழுவிக் கையில் கொடுத்தபோது என் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தேன். கொஞ்சம்தான் தளர்வாக இருந்தது.

மைக்ரோசிப் ஸ்கேனரையும் முதுகில் ஓட்டிப் பார்த்தார், சிப் இல்லை. தெருவில் கிடைக்கும் நாய் என்றால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கழுத்துப்பட்டை இல்லாமல் திரியும் நாயெல்லாம் கைவிடப்பட்டது என்று அர்த்தமில்லை. இடிக்கும் பட்டாசுக்கும் பயந்து ஓடி வந்ததாக இருக்கலாம்; ஒரு குடும்பமே அதைத் தேடிக்கொண்டிருக்கலாம். தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும் சிப்பில் வெறும் எண்தான், பெரும்பாலும் 15 இலக்கம். அந்த எண்ணைப் பதிவகத்தில் தேடினால் ஆள் கிடைப்பார்.

நாயின் உடல்வாகைப் பார்க்க மருத்துவர்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 4, 5 என்றால் சரியான உடம்பு. செம்பிக்கு 2 போட்டார். விலா எலும்பை எட்ட நின்றே எண்ணலாம். இந்த நிலையில் இருக்கும் நாய்க்குப் பாவம் என்று வயிறு முட்ட வைத்துவிடக் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரசரவென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பல தடவை என்று வைத்து, அளவை மெதுவாக ஏற்ற வேண்டும். அது தட்டை நக்கி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

உடம்பில் திட்டுத்திட்டாக முடி கொட்டியிருந்தது. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, டெமோடெக்ஸ் என்கிற நுண்பூச்சியால் வந்த சொறி என்றார்கள். இது மற்ற நாய்க்கோ நமக்கோ தொற்றும் சொறி இல்லை. சார்கோப்டிஸ் என்கிற இன்னொரு பூச்சியால் வருவது தொற்றும், தூக்கி வைத்திருந்தவர் கையும் அரிக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ‘சொறிக்கு இந்த ஊசி போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஊசி பெரும்பாலும் ஐவர்மெக்டினாக இருக்கும். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் கோளாறு உண்டு. சொறிக்குப் போடும் அளவு அவற்றைக் கோமாவில் தள்ளிவிடும். தெருநாய் கலப்பில் எந்த இன ரத்தம் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் தனி அறை, தனித் தட்டு, தனித் துடைப்பம். புதிதாக வரும் எந்த விலங்குக்கும் குறைந்தது 2 வாரம் இந்த ஏற்பாடுதான். என் பயமெல்லாம் நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ மீது. 1978-இல் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ் ஓரிரு ஆண்டுக்குள் உலகம் முழுக்கப் பரவியது. நாய் போன பிறகும் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணத் தரை துடைக்கும் திரவத்துக்கெல்லாம் அசையாது, ப்ளீச் வேண்டும். குட்டிகளுக்கு ஒரே ஊசி போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க முடியாததும் இதனால்தான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாது. அது எப்போது குறையும் என்று சொல்ல முடியாததால் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

நமக்கும் ஊசி உண்டு. இந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறவர்கள் ரேபிஸ் தடுப்பூசியைக் கடிபடுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளலாம், நான் போட்டிருக்கிறேன். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, முன்பே ஊசி போட்டிருந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி வந்த பிறகு ரேபிஸுக்கு வைத்தியம் இல்லை.

சரி, செம்பிக்கு வருகிறேன். புண் ஆறியது, முடி முளைத்தது. ஆனால் அறைக்குள் நடக்கும்போது கவனித்தேன்: கழுத்தில் ஒன்றுமே இல்லை, கதவு திறந்துதான் இருக்கிறது, இருந்தும் பாயிலிருந்து சில அடி போய்விட்டு அங்கேயே திரும்பிவிடும். பழைய சங்கிலியின் நீளம் அது. அந்தக் கோட்டுக்கு அப்பால் விருப்பமான தின்பண்டத்தைப் போட்டுப் போட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப் போட்டு, வாசல்வரை வரவழைக்க ரொம்ப நாள் பிடித்தது.

இன்னொன்றும் இருந்தது. சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமியது. உதட்டைத் தூக்கி, உடம்பை விறைப்பாக்கி, தட்டின் மேல் கவிந்துகொண்டு. பட்டினி கிடந்த நாய்க்கு இது இயல்பு. ‘யார் எஜமான் என்று காட்டு, தட்டைப் பிடுங்கு’ என்று யோசனை சொல்ல ஆட்கள் உண்டு. அப்படிச் செய்தால் அதன் பயம் சரிதான் என்று நாமே நிரூபித்த மாதிரி ஆகும். எட்ட நின்றபடி இன்னும் ருசியானதைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு விலகிப் போய்விடுவேன். ஆள் வந்தால் தட்டு போகாது, கூடுதலாகத்தான் வரும் என்று அதற்குப் புரிய வேண்டும். நிறையக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

கருத்தடை அறுவை முடிந்து தையலும் பிரித்தாயிற்று. இனி ஆள் தேட வேண்டும். இங்கேதான் எனக்கும் கூட வேலை செய்யும் நண்பர்களுக்கும் எப்போதும் தகராறு. அவர்கள் கழுத்துப் புண்ணோடு இருந்த படத்தைப் போட்டு, ‘இந்தக் கண்களைப் பார்த்தும் உங்கள் மனம் இளகவில்லையா’ என்று எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதினால் அழுகிற எமோஜி குவியும், பகிர்வார்கள், நம்மையும் புகழ்வார்கள். அந்த வேகத்தில் ஃபோன் செய்கிறவர்கள் தங்கள் இரக்கத்துக்கு ஓர் இடம் தேடுகிறார்கள். இரக்கம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும், நாய்க்கு இன்னும் எட்டு, பத்து வருஷம் பாக்கி இருக்கும். நான் எழுதியது இது:

‘செம்பி. பெட்டை. வயது சுமார் 5. கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் ஆகிவிட்டது. சாப்பிடும்போது கிட்டே வந்தால் உறுமும். அதனால் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத் தர மாட்டேன். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும், இழுக்கக் கூடாது. கழுத்தில் எதையும் மாட்டக் கூடாது, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் மட்டும். குரைப்பது அபூர்வம். மடியில் தலை வைத்துக்கொண்டு தூங்கப் பிடிக்கும். கட்டிப் போட நினைப்பவர்கள் அழைக்க வேண்டாம்.’

“நாயை விக்கிற லட்சணமா இது?” என்று ஒரு நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். அழைப்புகள் குறைவாகத்தான் வந்தன. எனக்கு அது நல்லதாகவே பட்டது.

வந்தவற்றிலும் கழிக்க வேண்டியவை நிறைய. “காவலுக்கு வேணும், நல்லா குரைக்குமா?” குரைப்பது அபூர்வம் என்று எழுதியே இருக்கிறேன். “குட்டியா இருந்தா கொடுங்க, பொண்ணுக்குப் பிறந்தநாள்.” குட்டியின் நிலைமையே வேறு. அழகைப் பார்த்து எடுத்துப் போவார்கள், பல் முளைத்துச் செருப்பைக் கடித்ததும் திரும்ப வரும். “ஆபரேஷன் பண்ணிட்டீங்களா? ஒரு ஈத்து எடுத்துட்டுப் பண்ணியிருக்கலாமே, அதுதான் உடம்புக்கு நல்லது” என்றார் ஒருவர். அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. வீடு கிடைக்காமல் அலையும் குட்டிகளின் எண்ணிக்கைதான் கூடும்.

நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இதற்கு முன்னால் நாய் வளர்த்திருக்கிறீர்களா, அது என்ன ஆயிற்று? ‘ஓடிப்போச்சு’, அதற்கு முன்னால் இருந்தது ‘வண்டியில அடிபட்டுச்சு’, அதற்கும் முன்னால் இருந்ததை ‘ஊருல விட்டுட்டோம்’ என்று பதில் வந்தால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அப்புறம் வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டில் யாருக்காவது பிடிக்காதா என்று கேட்பேன். வசதியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ‘பெரிய தோட்டம் இருக்கு’ என்று ஆரம்பிப்பவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் கூடும். நாய் ராத்திரி எங்கே தூங்கும் என்று கேட்டால் தோட்டத்தில்தான் என்பார்கள். மறுபடியும் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சங்கிலி.

கடைசியில் ஓர் அம்மா பேசினார். மகள் நர்ஸ், பாதி நாள் நைட் டியூட்டி, வீட்டில் இவர் மட்டும். “சாப்பிடறப்ப உறுமும்னு போட்டிருக்கீங்களே, எவ்வளவு தூரத்துல நின்னா உறுமாது?” என்று கேட்டார். எனக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. முன்னால் வளர்த்த நாய்க்குக் கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி தோலுக்கடியில் சலைன் ஏற்றியதை அவரே சொன்னார், நான் கேட்காமல்.

இருந்தாலும் வீட்டைப் போய்ப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பதைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு நாய்க்காகப் பேசிய குடும்பம் ஒன்று, “எங்களை வேவு பார்க்கிறீங்களா?” என்று ஃபோனை வைத்துவிட்டது, போகட்டும். நான் பார்ப்பது சோபாவை இல்லை. கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தலை நுழையுமா, வாசல் கதவைத் திறந்தால் நேராகச் சாலையா என்பதுதான். அங்கே கேட்டுக்கடியில் நாய் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. ஒரு பலகையை அடித்து அடைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா, செய்துவிட்டுப் படமும் அனுப்பினார்.

ஒப்படைக்கும் நாளில் சிகிச்சைச் சீட்டுகள், பழக்கப்பட்ட உணவு கொஞ்சம், துவைக்காத பழைய போர்வை எல்லாம் கொடுத்தேன். போர்வையில் அதன் வாடை இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்காத வரி ஒன்று உண்டு: எந்தக் காரணத்தாலும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் என்னிடமே திரும்பத் தர வேண்டும், வேறு யாரிடமும் கைமாற்றக் கூடாது. முதல் சில நாட்களில்தான் நாய்கள் அதிகம் தப்பி ஓடும். புது வீடு இன்னும் வீடாகத் தெரியாது, பழைய இடத்தைத் தேடிப் போய் வழியில் தொலையும். அதனால் கதவைத் திறக்கும்போதெல்லாம், வீட்டுக்குள்ளேயே கூட, லீஷ் கையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரியே ஃபோன். சாப்பிடவில்லை, கட்டிலுக்கடியிலிருந்து வர மறுக்கிறது. தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டேன், குடிக்கிறதாம். அப்படியே விடுங்கள், தட்டை வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள் என்றேன். காலையில் தட்டு காலி.

சில வாரம் கழித்து விருந்தாளி ஒருவர், சாப்பிடும் நேரத்தில் ஆசையாகத் தடவப் போய் உறுமல் வாங்கியிருக்கிறார். “நாங்கதான் முன்னாடியே தெரிஞ்சு எடுத்துட்டு வந்தோம், நீங்க ஏன் கிட்ட போனீங்கன்னு அவரைத்தான் திட்டினேன்” என்றார் அந்த அம்மா. அழுகிற எமோஜியைப் பார்த்து வந்தவராக இருந்திருந்தால் அன்றைக்கே செம்பி என் வாசலுக்குத் திரும்பியிருக்கும்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. கருத்தடையின்போது போட்ட மைக்ரோசிப்பில் என் பெயரும் எண்ணும்தான் பதிவாகியிருந்தன. பலர் இதை மாற்றுவதே இல்லை. நாய் தொலைந்து யாரோ ஸ்கேன் செய்தால் அழைப்பு பழைய ஆளுக்குப் போகும், அவரும் எண்ணை மாற்றியிருந்தால் சிப் இருந்தும் வீண். அந்த நர்ஸ் மகள் டியூட்டி முடிந்து வந்த ஒரு காலையில் இரண்டு பேரும் ஃபோனில் பேசியபடியே பதிவை அவர் பெயருக்கு மாற்றினோம். அம்மாவின் எண்ணையும் இரண்டாவதாகச் சேர்க்கச் சொன்னேன். நைட் டியூட்டியில் இருக்கும்போது அவர் ஃபோனை எடுக்க மாட்டாராம்.