நிறத்தை நம்பலாமா? சமையல் சோடாவையும் மயில்துத்தத்தையும் சூடாக்கிப் பார்த்த அனுபவம்

இயற்பியல் மாற்றம் மீளும், வேதியியல் மாற்றம் மீளாது என்று பள்ளியில் படித்த விதி எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதை அறிய, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசை வைத்துக்கொண்டு சில பொருள்களைச் சூடாக்கிப் பார்த்து வருகிறேன். உப்பில் சிக்கல் ஏதும் இல்லை. நீரில் கரைத்து வற்றவைத்ததும், போட்ட எடையே ஏறக்குறையத் திரும்பக் கிடைத்தது.

சமையல் சோடாதான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. 10 கிராம் பொடியைப் பீங்கான் கிண்ணத்தில் பரப்பி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை சூடாக்கினேன். கிண்ணத்தில் முன்பு இருந்தது போலவே வெள்ளைப் பொடிதான் இருந்தது; கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. தராசோ 6.3 கிராமுக்கு அருகில் நின்றது. சிறிதளவு சோடாவைச் சோதனைக்குழாயில் தனியே சூடாக்கியபோது, குழாயின் குளிர்ந்த வாய்ப்பகுதியில் நீர்த்துளிகள் படிந்தன. வெளியேறிய வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றியது. (அடுப்பை அணைக்கும் முன்பே வாயுக்குழாயைச் சுண்ணாம்பு நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அந்நீர் சூடான குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு, குழாய் வெடிக்கக்கூடும்.) சமையல் சோடாவான சோடியம் பைகார்பனேட் சிதைந்து நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் இழந்து சோடியம் கார்பனேட்டாகியிருந்தது. இரண்டு பொடிகளின் கரைசல்களிலும் காரத்தன்மை மிகுந்தால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீனை ஒவ்வொரு துளி விட்டேன். பழைய பொடியில் நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க, புதியதில் அடர்ந்த இளஞ்சிவப்பு உடனே பரவியது. தோற்றம் மாறாததால் மட்டும் ஒன்றை இயற்பியல் மாற்றம் என்று கூறிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

மயில்துத்தம் (நீர் சேர்ந்த தாமிர சல்பேட்) இதற்கு நேர்மாறானது. நீலப் படிகங்களை மெல்லச் சூடாக்கினால் வெளுத்து, எடையில் 36 விழுக்காட்டை நீராக இழந்து, வெள்ளைப் பொடியாகின்றன. அதன்மீது ஒரு சொட்டு நீர் விட்டதும் நீலம் திரும்புவதோடு, பொடியும் கைக்குத் தெரியும் அளவுக்குச் சூடாகிறது. மீள்கிறது என்பதற்காக இதை இயற்பியல் மாற்றமாகக் கருதுவதை நான் ஏற்கவில்லை. படிகத்தில் ஒவ்வொரு தாமிர அயனிக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் உள்ளன. அவற்றில் நான்கு தாமிரத்துடனேயே பிணைந்து நீலத்திற்குக் காரணமாகின்றன. அந்தப் பிணைப்புகள் அறுந்து மீண்டும் உருவாகும்போது, வேறு பொருளாகி மறுபடி பழைய பொருளாவதாகத்தான் கொள்ள வேண்டும். மயில்துத்தம் நச்சுப்பொருள் என்பதால் இதற்கெனத் தனிக் கலங்களையே பயன்படுத்துகிறேன்.

அடுத்து இரும்புக் கம்பளியை (மெல்லிய இரும்பு இழைகளின் சுருளை) எரித்து எடைபோட வேண்டும். எரியும்போது ஆக்சிஜன் சேர்வதால் அங்கே எடை கூட வேண்டும்; தெறிக்கும் பொறிகளோடு ஆக்சைடு சிதறிப்போகாமல் முழுவதையும் சேகரிக்கக்கூடிய அகன்ற கலம் அமைந்தால்தான் அந்த அளவீட்டை நம்ப முடியும்.