என் கடையைவிடப் பெரிய இடம்

புதுச்சேரி பாரதி வீதியை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்றில் எழுதுபொருள் கடை நடத்தி வருகிறேன். கடை 10 அடிக்கு 12 அடி. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்தாக வேண்டும்; தொழில் உரிமம், மின்கட்டணம் எல்லாம் அதற்கு மேல். போன மாதம் ஒரு மதிய வேளையில், கடைக்கு எதிரே காலை ஒன்பது மணியிலிருந்து அசையாமல் நின்றுகொண்டிருந்த காரைச் சுற்றி டேப் வைத்து அளந்தேன். வண்டியின் நீளத்தோடு, எடுத்து நிறுத்த முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் 16 அடி. கதவைத் திறக்கும் அளவுக்கு அகலம் 8 அடி. மொத்தம் 128 சதுர அடி. நான் வாடகை கொடுக்கும் இடத்தைவிட 8 சதுர அடி அதிகமான இடம், நகரின் நெரிசலான பகுதியில், நாள் முழுவதும் ஒரு பைசா செலவில்லாமல் ஒரு வண்டிக்குக் கிடைக்கிறது.

அந்த கார் வெளியூர்க்காரருடையது அன்று. அதே தெருவில் நான்கு கடை தள்ளி வியாபாரம் செய்யும், எனக்கு மூத்தவரான ஒருவருடையது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. சும்மா கிடைப்பதை யாரும் விட்டுவைப்பதில்லை. ஆனால் அதன் விளைவை நாள்தோறும் பார்க்கிறேன். பள்ளி திறந்த வாரத்தில் ஓர் அம்மா ஸ்கூட்டியில் தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு, நிறுத்த இடமில்லாமல், இறங்காமலேயே “அண்ணே, நாலு சார்ட் பேப்பர், ஒரு பசை” என்று குரல் கொடுத்தார். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடிக்க, சுருட்டிய தாள்களோடு நடுத்தெருவுக்கு ஓடினேன். மீதிச் சில்லறையை வாங்கிக்கொள்ளாமலேயே அவர் போய்விட்டார்.

எனவே, வியாபாரியாக இருந்தும், தெருவில் வண்டி நிறுத்துவதற்குக் கட்டணம் வேண்டும் என்றே சொல்கிறேன். கட்டணம் வந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று அஞ்சும் நண்பர்களுக்கு நான் சொல்வது, வாடிக்கையாளர் இப்போதே வர முடியாமல் திரும்பிப் போகிறார் என்பதுதான். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு விஷயத்துக்கே செலவிட்டவர். எட்டு இடங்களில் ஒன்றாவது எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்கே கட்டணம் வைக்க வேண்டும், அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது என்பது அவர் சொன்ன கணக்கு. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011-ல் தெருவாரியாக, வேளைவாரியாகக் கட்டணத்தை மாற்றிப் பார்த்தபோது, பல தெருக்களில் கட்டணம் குறையவே செய்தது. நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், வண்டி நிறுத்தும் கட்டணம் நிலத்தின் மதிப்பை ஒட்டி இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

ஆனால் எவ்வளவு என்பதைவிட, யார் தீர்மானிப்பது, அந்தப் பணம் எங்கே போகிறது என்பவைதான் என்னை உறுத்துகின்றன. சில மாதங்களுக்கு முன் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் என்னிடம் கொடுக்கப்பட்ட ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அச்சிட்ட தொகை பால்பாயிண்ட் பேனாவால் அடிக்கப்பட்டு, மேலே வேறு தொகை எழுதப்பட்டிருக்கிறது. நேரமும் இல்லை, வண்டி எண்ணும் இல்லை. கட்டணப் பலகை எங்கே என்று கேட்டதற்கு, “ஏலம் எடுத்தவரைத்தான் சார் கேக்கணும்” என்றார் வசூலித்த இளைஞர். அவரும் தினக்கூலிக்கு நிற்பவர். அவரிடம் என்ன வாதிடுவது?

இங்கிலாந்தில் சாலையோர நிறுத்தக் கட்டணங்கள் 1984-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டவை. வசூலில் மிச்சப்படும் பணத்தை எவற்றுக்குச் செலவிடலாம் என்பதையும் அந்தச் சட்டமே வரையறுக்கிறது. லண்டனின் பார்னெட் பகுதி உள்ளாட்சி மன்றம் 2011-ல் குடியிருப்போருக்கான ஆண்டு அனுமதிச் சீட்டை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தினர் சீட்டை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் உயர்த்தியது. அந்தப் பகுதிவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். வருவாய் ஈட்டுவதற்காகக் கட்டணத்தை உயர்த்த அந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று 2013-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் பசடீனாவில் வேறொரு வழியைக் கண்டார்கள்: 1993-ல் பழைய கடைவீதியில் வண்டி நிறுத்தக் கட்டண மீட்டர் வைத்தபோது, அந்த வருவாய் அந்த வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்குமே செலவாகும் என்று உறுதி கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கடைக்காரர்கள் சம்மதித்தார்கள்.

நம் ஊரில் யார் யாருக்கு உறுதி கொடுப்பது? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து 2006-ல். அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. 2021-ல் தேதி அறிவித்தும் நடக்கவில்லை. நகராட்சியின் முடிவுகளை அதிகாரிகளே எடுக்கிறார்கள். நான் அவர்களைக் குறை கூறவில்லை. ஆனால் அவர்கள் என் ஓட்டைக் கேட்டு வந்தவர்கள் அல்லர். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கடலூர் 2021-ல் மாநகராட்சியானது. அங்கே 45 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கூடினாலும் குறைந்தாலும் அங்கே வசிக்கும் என் தங்கை தன் வார்டு உறுப்பினரின் வாசலில் போய் நின்று கேட்கலாம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நிம்மதியாக நடக்கத் தெரிந்த ஊர் எங்கள் ஊர். எங்களுக்கும் அந்த வாசல் வேண்டும்.

தேர்தல் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் மனு ஒன்று எழுதியிருக்கிறேன். தெருமுனையில் கட்டணப் பலகை வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்கு மிகக் குறைந்த தொகையும், இரண்டு மணி நேரத்துக்குப் பின் படிப்படியாக அதிகமும் இருக்க வேண்டும். ரசீதில் நேரமும் வண்டி எண்ணும் அச்சாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வசூலையும், அதில் எங்கள் தெருவுக்குச் செலவானதையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 14 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கார் வைத்திருக்கும் அந்த மூத்தவரிடம் நேற்று கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, “எனக்கும் காசு உண்டா தம்பி?” என்று கேட்டார். உண்டு என்றேன். சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாள் முழுக்க நிறுத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு திடலில் மாதாந்திரச் சீட்டு கொடுக்கச் சொல்லி எழுதினால் போடுகிறேன் என்றார். நியாயமாகவே பட்டது, அங்கேயே கையால் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். பதினைந்தாவது கையெழுத்து அவருடையது.