கத்தரிக்கோல் வெச்ச அன்னிக்கு கை நடுங்குச்சு

ஒருவழியா என்னோட முதல் கலர்வொர்க் (பல கலர் நூல்ல டிசைன் போட்டுப் பின்றது) கார்டிகன், அதாவது முன்பக்கம் திறந்து பட்டன் போடுற ஸ்வெட்டர், பின்னி முடிச்சாச்சு! ஃபேர் ஐல் ஸ்டைல், ஸ்காட்லாந்துக்கு வடக்க ஷெட்லாண்ட் பக்கம் இருக்கிற ஒரு குட்டித் தீவோட பேருதான் அது. பாக்க ஏகப்பட்ட கலர் தெரியும், ஆனா ஒரு வரிசைக்கு ரெண்டே கலர்தான். அந்த நேரம் பின்னாத கலர் நூல் பின்பக்கமா ஓடும், அதை இழுத்துப் பிடிச்சா முன்பக்கம் சுருங்கிரும், அதனால ஊசியில இருக்கிற கண்ணிகளை நல்லா விரிச்சு விட்டுட்டுதான் கலர் மாத்தணும், இது புரியறதுக்குள்ள ஒரு கையை ரெண்டு தடவை பிரிச்சேன்.

அப்புறம் ஸ்டீக். முன்பக்கம் திறப்பே இல்லாம குழாய் மாதிரி சுத்திச் சுத்திப் பின்னிட்டு கடைசில நடுவுல நேரா வெட்டணும், மூணு மாச உழைப்பை வெட்டுறதுன்னா சும்மாவா? ரெண்டு பக்கமும் குரோஷா போட்டு இறுக்கிட்டு மெதுவா வெட்டுனேன், ஒரு கண்ணிகூட அவிழல. ஷெட்லாண்ட் கம்பளி சொரசொரன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதான் காரணம். வழுவழுன்னு இருக்கிற சூப்பர்வாஷ் நூல்ல (மெஷின்ல துவைக்கிறதுக்காகப் பதப்படுத்தின கம்பளி) இப்படி வெட்டிடாதீங்க ப்ளீஸ்.

வெதுவெதுப்பான தண்ணில ஊற வெச்சு, டவல்ல சுருட்டி அமுக்கி, விரிச்சுக் காய வெச்சதும் மேடுபள்ளமா இருந்த டிசைன் அப்படியே படிஞ்சு வந்துச்சு. ஆட்டு வாசனை இன்னும் லேசா இருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்ப பட்டன் தேடிட்டு இருக்கேன்.