ஆயியின் மகன்

ஷாங்காயில் எங்கள் வீட்டில் சமைக்கும் பெண்மணியை "ஆயி" என்றே அழைக்கிறோம். சீனத்தில் சின்னம்மா என்று பொருள். அன்ஹுயி மாகாணத்துக்காரர். நேற்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மகனின் மதிப்பெண்ணைக் கைபேசியில் காட்டினார். கணக்கில் 150க்கு 138! எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை காட்டினார்.

பையன் ஊரில் பாட்டியிடம் வளர்கிறான். 1958இல் சட்டமான ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு முறைதான் காரணம். பதிவு எங்கேயோ, பொதுவாக அங்கேதான் கல்லூரி நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். பிழைக்க வந்த வெளிநாட்டவன் நான்; என் மகள் என்னோடு இருந்து இங்கேயே படிக்கிறாள். உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்களே, ஆயியை எந்தப் பக்கம் வைப்பார்கள்? எனக்கு மனம் ஆறவில்லை. இனி வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டுக்குத்தான் மகனைப் பார்ப்பாராம்.