நண்பகல் வீரனின் மங்கிய ஒளி

‘தி செவன் டெட்லி சின்ஸ்’ என்ற அனிமேயின், அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடரின், மூன்றாம் பருவம் எனக்குத் தந்த ஏமாற்றம் இன்னும் தீரவில்லை. நகாபா சுசுகியின் மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையைத் தழுவி 2014-இல் தொடங்கிய இத்தொடரின் முதல் இரு பருவங்களை ஏ-1 பிக்சர்ஸ் உருவாக்கியது. 2019 அக்டோபரில் தொடங்கிய மூன்றாம் பருவத்தின் 24 அத்தியாயங்களும் ஸ்டுடியோ டீனின் பெயரில் வெளிவந்தன.

கதாநாயகன் மெலியோடஸுக்கும் எஸ்கனோருக்கும் நடக்கும் சண்டைதான் என்னை மிகவும் வருத்தியது. இரவில் ஒடிசலான, கூச்சம் மிகுந்த மனிதனாக இருந்து, சூரியன் ஏற ஏற வலிமையும் செருக்கும் பெருகி, நண்பகலில் ஒரே ஒரு நிமிடம் யாராலும் வெல்ல முடியாதவனாக நிற்பவன் எஸ்கனோர். அந்த ஒரு நிமிடத்தைத் திரையில் காணவே மங்கா வாசகர்கள் காத்திருந்தோம். ஆனால் காட்சிக்குக் காட்சி உடல்களின் அளவு மாறுகிறது, முகங்கள் கோணிப்போகின்றன, எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் அதன் கனம் நமக்கு எட்டுவதில்லை. சிந்தும் இரத்தம்கூடத் தொலைக்காட்சிப் பதிப்பில் வெள்ளையாகவே காட்டப்பட்டது. (வரைந்த ஓவியர்களை நான் குறை சொல்லவில்லை, போதிய காலம் கிடைத்திருந்தால் அவர்களே இதைச் செம்மையாக வரைந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.)

கதையில் குறையில்லை. மெலியோடஸும் அவன் காதலி எலிசபெத்தும் சுமக்கும் சாபத்தின் உண்மை வெளிப்படுவது இந்தப் பருவத்தில்தான். அவள் மீண்டும் மீண்டும் பிறந்து, அவன் கண்முன்னே இறந்துபோகும் அந்தத் துயரம், தட்டையான ஓவியங்களையும் மீறி என்னைக் கலங்கவைத்தது. சண்டைக் காட்சிக்கு மட்டும் நான் மங்காவின் பக்கங்களையே மறுபடி புரட்டினேன்.